கொலுவில் ஒரு குட்டித் திருச்சி: வீட்டு பார்க்கைக் கட்டி, திறந்து, எடுத்து வைப்பது வரை

கொலுப் படிக்குப் பக்கத்தில் போடும் பார்க், அதாவது ஒரு குட்டி மாதிரி ஊர், பல வீடுகளில் அரைகுறையாக நிற்கிறது. கைத்திறன் குறைவால் அல்ல, வேலையின் வரிசை தப்பிப்போவதால். வீடுகளை ஒட்டி முடித்த பிறகு குளத்துக்கு இடம் தேடுவார்கள். பொம்மையை அடுக்கிவிட்டு ஒயர் இழுப்பார்கள். அமாவாசையன்று கடுகைத் தூவிவிட்டு, மறுநாள் வரும் விருந்தாளிகளுக்கு வெறும் மண்ணைக் காட்டுவார்கள்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 6 அடிக்கு 4 அடி இடத்தில் திருச்சி மலைக்கோட்டை, அடிவாரத் தெப்பக்குளம், சுற்றித் தெருக்கள், கடைவீதி, முன் மூலையில் சின்னப் பூங்கா. மயிலாப்பூர் மாடவீதி போட்டாலும் உங்கள் சொந்த ஊரைப் போட்டாலும் வரிசை இதுதான்: ஈரமான வேலை முதலில், மின்சாரம் அடுத்து, காகித வேலை அதற்குப் பிறகு, பொம்மை கடைசியில். கூடத்தில் வைக்கும்போது பின்பக்கத்திலிருந்து முன்பக்கம்.

1. நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

மகாளய அமாவாசையன்று பொம்மை ஏறத் தொடங்க வேண்டும். 2026இல் அது அக்டோபர் 10. அங்கிருந்து நான்கு வாரம் பின்னால் போனால் செப்டம்பர் 12. வேலை அன்றைக்கே தொடங்க வேண்டும்.

முதல் வாரம் அளவும் தளமும். இரண்டாம் வாரம் மலை. இதைத் தள்ளிப் போடவே கூடாது. பசை காய வெயில் வேண்டும், அந்தப் பருவத்தில் மாலை மழை சொல்லாமல் வரும். மூன்றாம் வாரம் குளமும் ஒயரும். நான்காம் வாரம் தெருவும் வீடுகளும். விதைப்பு அக்டோபர் 5. கூடத்தில் பூட்டுவது 8, 9.

வீட்டில் எல்லோரும் கை வைக்கலாம். அளவு சொல்லும் உரிமை மட்டும் ஒருவரிடம் இருக்கட்டும். ‘இந்த பஸ் அழகாக இருக்கிறது’ என்று ஆளுக்கொன்று வாங்கி வந்தால் கதவைவிட உயரமான பூனை தெருவில் நடக்கும்.

2. அளவு: கையில் இருக்கும் பொம்மையிலிருந்து தொடங்குங்கள்

வீட்டைச் செய்துவிட்டு அதற்கேற்ற பொம்மை தேடினால் கிடைக்காது. இருக்கும் பொம்மையை முதலில் அளந்து பாருங்கள்.

கடைவீதி செட்டில் வரும் மண் பொம்மைகள் பெரும்பாலும் 5 செ.மீ. உயரம். ஐந்தரை அடி ஆள் 5 செ.மீ. ஆனால் அது 33இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஏழடிக் கதவு 6.5 செ.மீ. வர வேண்டும். சின்ன இரும்புக் கார்கள் 7 செ.மீ. நீளத்துக்குள் இருக்கும், அவை ஏறக்குறைய 64இல் ஒரு பங்கு, பக்கத்தில் நிற்கும் ஆள் இரண்டரை செ.மீ.தான் இருக்கலாம். மலைக்கோட்டைப் பாறை 83 மீட்டர். அதே 64இல் செய்தால் 130 செ.மீ., குழந்தையைவிட உயரம். 150இல் ஒரு பங்காக்கினால் 55 செ.மீ., அது சரி.

மூன்று அளவையும் ஒரே ஊரில் வைக்கலாம், கலக்கத்தான் கூடாது. முன்னால் 23 செ.மீ. அகலப் பட்டை மண் பொம்மைகளுக்கு. நடுவில் 53 செ.மீ. குளமும் வண்டிகளும். பின்னால் 45 செ.மீ. மலை. முன்னே பெரிதும் பின்னே சிறிதுமாகப் போனால் கண் அதைத் தூரம் என்று எடுத்துக்கொள்ளும், ஊர் இன்னும் ஆழமாகத் தெரியும். 5 செ.மீ. பூக்காரியை இரும்புக் காருக்குப் பக்கத்தில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். கார் அவள் கூடைக்குள் போய்விடும்.

செட்டியார் பொம்மை, மரப்பாச்சி இரண்டும் படியிலேயே இருக்கட்டும், ஊருக்குள் வேண்டாம்.

3. தளம்: இரண்டு பலகை, ஒன்றல்ல

12 மி.மீ. பிளைவுட்டை 6 அடிக்கு ஒன்றரை அடி, 6 அடிக்கு இரண்டரை அடி என்று கடையிலேயே அறுத்து வாங்குங்கள். காரணம் உங்கள் கையின் நீளம். சுவரை ஒட்டிய நாலடிப் பரப்பின் பின்மூலைக்கு யார் கையும் எட்டாது. அங்கே ஒரு கோபுரம் சாய்ந்தால் அதை நிமிர்த்தப் போகிறவர் கடைவீதி முழுவதையும் சாய்த்துவிட்டு வருவார். பின்பலகையில் மலை மட்டும், முன்பலகையில் மற்றதெல்லாம். இரண்டையும் தனித்தனியாகக் கழற்றித் தூக்கலாம்.

உயரம் ஒன்றரை அடி போதும். பால் கிரேட்டுகளையோ ஒரே உயர டிரங்குப் பெட்டிகளையோ ஒரு பலகைக்கு நான்கு வீதம் அடியில் கொடுங்கள். தரையில் போட்டால் எல்லாரும் மேலிருந்து மொட்டை மாடிகளைத்தான் பார்ப்பார்கள்.

முன்பலகை மேல் 25 மி.மீ. தெர்மாகோலை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். 1 மீட்டருக்கு அரை மீட்டர் அட்டை 6 வேண்டும். இந்த 5 செ.மீ. கனம் குளத்துக்காக. பலகை மேல் நேராகத் தட்டை வைத்தால் தெப்பக்குளம் தெருவைவிட உயரத்தில் நிற்கும். புதிதாகப் போடுகிறவர்கள் அதிகம் விழும் குழி இது.

மணல் பரப்பும் பழைய வழக்கம் சின்ன இடத்துக்குச் சரி. 6×4 பரப்பில் ஒன்றரை அங்குலம் போட 3 கன அடி வேண்டும், 130 கிலோவுக்கு மேல் வரும். அதை மாடிக்கு ஏற்றுவதை விடுங்கள். பத்தாம் நாள் யார் இறக்குவது?

தெர்மாகோலுக்கு ஃபெவிகால் மட்டும். ரப்பர் பசை, உடனடிப் பசை, ஸ்ப்ரே பெயின்ட் மூன்றும் அதைத் தின்றுவிடும். பூச்சுக்குத் தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் அல்லது போஸ்டர் கலர்.

4. மலை

மலைக்கோட்டை கூம்பு அல்ல. உருண்டு திரண்ட மொட்டைப் பாறை, ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் செங்குத்து. முதலில் ஒரு புகைப்படத்தைப் பார்த்து அட்டையில் அதன் வெளிக்கோட்டை 55 செ.மீ. உயரத்துக்கு வெட்டிப் பலகையில் நிறுத்துங்கள். இது வழிகாட்டி. இது இல்லாமல் ஆரம்பித்த மலை எல்லாம் இமயமலையில்தான் முடியும்.

அட்டைப் பெட்டிகளை அடுக்கி, இடைவெளிகளில் கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, சணலால் இறுக்கிக் கட்டுங்கள். மேலே அழுத்தினால் நசுங்கக் கூடாது. கோயில் உட்காரப்போகும் இரண்டு இடங்களிலும், நடுவில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார், இப்போதே தட்டையான அட்டையைப் பதித்துவிடுங்கள். காய்ந்த பாறையில் பிறகு சமதளம் வெட்ட முடியாது.

பசைக்கு 250 கிராம் மைதா, ஒன்றரை லிட்டர் தண்ணீர். குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துப் பிறகு காய்ச்சுங்கள். இறக்கியதும் ஒரு தேக்கரண்டி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் செய்வதுதான். இல்லாவிட்டால் கரப்பான் மலையைத் தின்னும். துத்தம் விஷம். அந்தப் பாத்திரம் சமையலுக்குத் திரும்பக் கூடாது, பசையில் குழந்தைகள் கை வைக்கக் கூடாது.

பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துப் பசையில் நனைத்துப் போர்த்துங்கள். துணியின் மடிப்புகளை நீவிவிடாதீர்கள், பாறையின் வெடிப்பாக அவைதான் தெரியப்போகின்றன. முதல் அடுக்கு தட்டினால் ‘டொக்’ என்று கேட்கும் வரை காயட்டும், இரண்டு நாள் ஆகலாம். ஈரத்தின் மேல் இரண்டாம் அடுக்கைப் போர்த்தினால் வெளியே காய்ந்து உள்ளே பூஞ்சை பிடிக்கும். நவராத்திரி மூன்றாம் நாள் கூடம் முழுக்க அந்த வாடை வரும்.

வண்ணம் அடர்த்தியிலிருந்து வெளிர். கறுப்பும் பழுப்பும் கலந்து முழுக்க அடித்துக் காயவிடுங்கள். பிறகு வெளிர் பழுப்பில் பிரஷ்ஷைத் தொட்டு, செய்தித்தாளில் துடைத்துவிட்டு, ஏறக்குறைய வறண்ட பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் உரசுங்கள். பாறை அந்த ஐந்து நிமிடத்தில்தான் பாறையாகும்.

நானூற்றுச் சொச்சம் படிகளையும் செய்ய வேண்டாம். நிஜத்திலும் பெரும்பகுதி பாறைக்குள் கூரைக்கடியில் போகிறது. உச்சிக்கு ஏறும் கடைசிப் பகுதி மட்டும் வெளியே தெரிந்தால் போதும். நெளிவு அட்டையின் மேல்தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்தால் உள்ளே வரிவரியாக இருக்கும், அதைப் பட்டையாக வெட்டி வெள்ளையும் காவியும் அடியுங்கள். படி தயார். அதே உரித்த அட்டை செங்காவி அடித்தால் வீட்டுக்கு நாட்டு ஓடு.

மலைக்கோட்டையில் அருவி கிடையாது. ‘ஓர் அருவி வைத்தால் நன்றாயிருக்கும்’ என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் சொல்வார். காகித மலையில் தண்ணீர் விடாதீர்கள்.

5. தெப்பக்குளம்

40×30 செ.மீ., 5 செ.மீ. ஆழமுள்ள எவர்சில்வர் அல்லது அலுமினியத் தட்டு. தெர்மாகோலில் தட்டின் அடிப்பக்கத்தை வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்கு அரை செ.மீ. வெளியே வெட்டினால் தட்டு இறங்கும், எடுக்கவும் வரும். தட்டை ஒட்டிவிடாதீர்கள், தண்ணீர் மாற்ற அதைத் தூக்கியாக வேண்டும்.

படிக்கட்டுக்குத் தெர்மாகோல் வேண்டாம். ஃபெவிகால் தண்ணீரில் இளகும், மறுநாள் காலையில் படிகள் தெப்பத்துக்கு முன்னால் மிதக்கும். 1 செ.மீ. மரச்சட்டம் அல்லது டைல் துண்டுகளை எம்-சீல் (கசிவை அடைக்கும் பசைக் களி) வைத்துத் தட்டின் உள்சுவரில் ஒட்டுங்கள். நடு மண்டபத்தை ஒரு கனமான டைல் மேல் நிறுத்துங்கள்.

வேறு எதையும் அடுக்கும் முன் ஓர் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துப் பாருங்கள். அடியில் விரித்த செய்தித்தாள் காலையில் உலர்ந்திருந்தால் மேலே போகலாம். வீடுகள் வந்த பிறகு கசிவு தெரிந்தால் ஊரையே கலைக்க வேண்டும்.

6. ஒயர்

230 வோல்ட் சீரியல் செட்டைத் தண்ணீரும் காகிதமும் குழந்தைகளும் இருக்கும் இடத்தில் ஓடவிடாதீர்கள். 12 வோல்ட் எல்ஈடி ஸ்ட்ரிப்பும் அடாப்டரும் போதும்.

மீட்டருக்கு 60 விளக்குள்ள சாதாரண ஸ்ட்ரிப் மீட்டருக்கு 4.8 வாட் இழுக்கும். 5 மீட்டர் சுருள் முழுவதும் 24 வாட். 2 ஆம்பியர் அடாப்டர் தருவதும் அதே 24தான். மூச்சுப் பிடித்து ஓடிச் சூடாகும். 3 ஆம்பியர் வாங்குங்கள். ஸ்ட்ரிப்பைக் கத்தரிக்கோல் குறி இருக்கும் இடத்தில், மூன்று விளக்குக்கு ஒருமுறை, மட்டும் வெட்டலாம். நடுவில் வெட்டினால் அந்த மூன்றும் போச்சு.

தெர்மாகோல் மேல் கத்தியால் கால்வாய் கீறி ஒயரைப் பதித்து, எல்லா முனைகளையும் பலகையின் ஒரே பக்கமூலைக்குக் கொண்டுவாருங்கள். சுவிட்ச் அங்கே. தெருவும் வீடும் இதற்கு மேல்தான் வரும், அதனால்தான் ஒயர் முன்னால். ஒவ்வொரு வீட்டிடத்திலும் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

பூங்கா நீரூற்றுக்கு 5 வோல்ட் யூஎஸ்பி பம்ப். தண்ணீர் பம்ப்பை எப்போதும் மூடியிருக்க வேண்டும். வறண்டு ஓடினால் ஒரு மாலையில் கெட்டுவிடும்.

7. தெருவும் வீடுகளும்

தார் ரோட்டுக்கு உப்புத்தாளை மிஞ்ச எதுவும் இல்லை. கறுப்பு வாட்டர் பேப்பர், 220 அல்லது 320 எண். 23×28 செ.மீ. தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் பதினொன்றரை செ.மீ. அகலத் தெரு, நடு அளவில் 4 செ.மீ. அகல பஸ் இரண்டு எதிரெதிரே போகும். குளத்தைச் சுற்றியும் கடைவீதிக்கும் 4 மீட்டர் வரும், 8 தாள் போதும். நடுக்கோட்டுக்கு வெள்ளைத் திருத்தப் பேனா. தாளை மணல் பக்கத்திலிருந்து வெட்டினால் கத்தி மழுங்கும், பின்பக்கத்திலிருந்து வெட்டுங்கள்.

வீடுகளுக்கு 5 மி.மீ. சன்போர்டு (எடை குறைந்த நுரை அட்டை). சுவரைப் படுத்த நிலையிலேயே கதவு, ஜன்னல் வெட்டி, வண்ணம் அடித்து, ஜன்னலுக்குப் பின்னால் பட்டர் பேப்பர் ஒட்டிவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு உள்ளே கை போகாது. உள்பக்கம் கறுப்பு அடிப்பதை மறக்காதீர்கள். இல்லாவிட்டால் விளக்குப் போட்டதும் ஜன்னலுக்குப் பதில் சுவரே ஒளிரும், வீடு டியூப்லைட் போல இருக்கும். கூரையை ஒட்டாமல் மூடி போல வையுங்கள்.

எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே உழைப்பு தேவையில்லை. மெயின்கார்டு கேட் வளைவு, லூர்து மாதா கோயிலின் ஊசிக் கோபுரம், நடு மண்டபத்தோடு குளம், இந்த மூன்றும் சரியாக இருந்தால் வருகிறவர்கள் வாசலிலேயே ‘திருச்சி!’ என்று விடுவார்கள். மீதி இருபது கடையும் பல் விளக்கும் பேஸ்ட் டப்பாவாக இருக்கலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. கடைப் பெயர்ப்பலகை மட்டும் கையால் எழுதாமல் அச்செடுத்து ஒட்டுங்கள்.

8. பச்சை

கேழ்வரகு புல்வெளிக்கு, கடுகு தோட்டத்துக்கு, வெந்தயம் புதருக்கு. மளிகைக் கடைச் சரக்கே போதும். விதைக்கடையில் வாங்கினால் மருந்து தடவியிருக்கலாம்.

650 கிராம் கோகோபீட் (தென்னை நார்த் தூள்) கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்தால் 8 லிட்டர் வரை உதிரும், தேவைக்கு மேல். 30×20 செ.மீ. தட்டுகளில் 2 செ.மீ. பரப்பி, ஓர் இரவு ஊறிய கேழ்வரகைத் தட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி தூவி, ஈரத்துணியால் மூடுங்கள். முளை தெரிந்ததும் துணியை எடுத்து பால்கனி வெளிச்சத்தில் வையுங்கள். அக்டோபர் 5இல் விதைத்தால் 11ஆம் தேதி கட்டைவிரல் உயரப் புல்.

கூடத்துக்குள் வந்ததும் பயிர் ஜன்னல் பக்கம் சாய்ந்து, வெளிறி, நீண்டு, ஒரு வாரத்தில் படுத்துவிடும். அதனால் முதல் நாளே இரண்டாவது தட்டுகளை பால்கனியில் விதைத்துவிடுங்கள், சரஸ்வதி பூஜைக்கு மாற்ற ஆகும். கேழ்வரகை ஒரு செ.மீ.க்குக் கத்தரிக்கலாம், புல்லினம், அடியிலிருந்து மறுபடி வரும். கடுகையும் வெந்தயத்தையும் வெட்டினால் அதோடு சரி.

தண்ணீர் ஸ்ப்ரேயரில் மட்டும். டம்ளரால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடும், மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சை வரும்.

9. கூடத்தில் பூட்டுவது

பின்பலகை, மலை, மலை விளக்கு. எரிகிறதா என்று பார்த்த பின்தான் முன்பலகையை ஒட்டி நகர்த்த வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடிவாரக் கடைகளாலும் காய்ந்த துளசிக் குச்சியில் பச்சை ஸ்பாஞ்ச் ஒட்டிய மரங்களாலும் மறையுங்கள். நிஜ துஜா செடியின் கொத்து நாளாக ஆகப் பழுத்துவிடும்.

பிறகு தட்டில் தண்ணீர், புல் தட்டுகள், வீடுகள், வண்டிகள். மண் பொம்மைகள் அமாவாசையன்று. ஆட்களைச் சமமாகப் பரப்பாதீர்கள். பூக்கடையில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடிக்க, அடுத்த சந்தில் ஒருவரும் இல்லாமல் இருந்தால்தான் ஊர்.

குத்துவிளக்கும் கற்பூரத் தட்டும் படிகளின் மறுபக்கம். தெர்மாகோலிலிருந்து குறைந்தது 3 அடி. தெர்மாகோல் நெருப்பு பிடித்தால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். இதில் மட்டும் யார் சொன்னாலும் இடம் மாற்றாதீர்கள். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும்.

10. திறப்பு

முதல் நாள் காலையிலேயே விளக்கு, பம்ப் எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சுமை அதிகம், ஒரு கிளையைக் கழற்றுங்கள்.

முன்பக்கம் இரண்டு பேர் எதிரெதிரே பட்டுப்புடவையோடு கடக்கும் அளவுக்கு நடைபாதை விடுங்கள். பலகை விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளி முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு, நடைபாதை அதற்கு வெளியே.

‘தொடாதே’ என்ற பலகையைக் குழந்தைகள் படிக்க மாட்டார்கள். தொட ஒன்று கொடுங்கள்: விளிம்பில் ஒரு அழுத்து சுவிட்ச், அழுத்தினால் மலை விளக்கு எரியும். கை அங்கேயே இருக்கும், பொம்மை தப்பிக்கும். ‘பூனை எங்கே ஒளிந்திருக்கிறது?’ என்று ஒரு கேள்வியும் வைத்தால் கைகள் தாமாகப் பின்னால் போய்க் கண்கள் முன்னால் வரும்.

சுண்டல் வேறு அறையில். பலகை விளிம்பைத் தட்டு வைக்கும் திண்ணையாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். விழுந்த ஒரு கொண்டைக்கடலைக்கு எறும்பு வரும், அதன் பின்னால் எலி. வெற்றிலை பாக்கை வாசலுக்குப் பக்கத்தில் கொடுத்தால் கூட்டமும் தானாக நகரும்.

11. தினமும், கடைசி நாளும்

இரவு அடாப்டரைச் சுவிட்சில் அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். புல்லுக்கு ஸ்ப்ரே. மூன்று நாளுக்கு ஒருமுறை குளத்துத் தண்ணீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்து மாற்றுங்கள். கொசு முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், நவராத்திரியின் நீளமும் அதுதான்.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் எடுக்கும் முன் நான்கு பக்கமும் மேலிருந்தும் புகைப்படம் எடுங்கள். வீட்டின் அடியிலும் அது நின்ற இடத்திலும் ஒரே எண்ணை எழுதுங்கள். ஏற்றியதற்கு நேர் எதிராக இறக்க வேண்டும்: பொம்மை, வண்டி, வீடு, தண்ணீர், கடைசியில் மலை.

மண் பொம்மையைப் பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் நின்று வண்ணம் உரியும். தெர்மாகோல் இருக்கும் பெட்டியில் அந்துருண்டை போடாதீர்கள். அதன் ஆவி தெர்மாகோலை அரித்துக் குழிகுழியாக்கும். அங்கே வசம்புத் துண்டோ காய்ந்த வேப்பிலையோ போதும். மலையைப் பரணில் ஏற்றும்போது உச்சிப் பிள்ளையார் கோயிலைப் பிடித்துத் தூக்காமல், பலகையைப் பிடித்து இரண்டு பேராகத் தூக்குங்கள்.